அண்ணன் தடவிய பசை

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அந்தக் கதையைச் சொல்வது ஸ்டெய்னாரின் பொறுப்பு. மலைமேல் இருக்கும் குடும்ப வீட்டில் சனிக்கிழமை மதியம் வெந்த ஆட்டுத்தொடை மேசைக்கு வந்துவிடும். எல்லோருடைய மூக்கும் மலை வெயிலில் சிவந்திருக்கும். கணப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் ஈரக் காலுறைகள் வரிசையாகத் தொங்கும். அப்போது யாராவது ஒருவர் எடுத்துக் கொடுப்பார்கள். "அந்தப் பசைக் கதையைச் சொல்லுங்களேன்." அவ்வளவுதான், ஸ்டெய்னார் முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவான்.

கதை இதுதான். ஸ்டெய்னாருக்குப் பதினாறு வயது. மாவட்ட இளையோர் ஸ்கீ பந்தயம், காலில் நீளச் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு பனியில் பதினைந்து கிலோமீட்டர். முதல் ஐந்து பேருக்குள் வந்தால் தேசியப் பந்தயத்துக்குப் போகலாம். அண்ணன் ஹல்வோர்தான் அவனுடைய ஸ்கீயின் அடியில், மேட்டில் வழுக்காமல் பனியைப் பிடிக்கிற மெழுகைப் பூசிக் கொடுத்தார். பள்ளத்தாக்கிலேயே மெழுகுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது என்று பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் என்னத்தைத் தடவினாரோ, மேடு வந்தாலே ஸ்கீ பின்னால் வழுக்கியது. ஒரு அடி முன்னால் வைத்தால் இரண்டு அடி பின்னால். ஸ்டெய்னார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டும் பின்னால் இழுபடுவதை நடித்தே காட்டுவான். ஒரு கிழவர் நாயோடு நடந்து வந்து அவனைத் தாண்டிப் போனாராம். போகிற போக்கில் அந்த நாய் நின்று திரும்பி, பாவம் என்பது போல ஒரு பார்வை பார்த்ததாம். இந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் பெஞ்சிலிருந்து விழுந்து சிரிப்பார்கள். முதல் ஏழெட்டு வருடம் கதையில் நாய் கிடையாது. அது பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது.

கதை தொடங்கியதும் ஹல்வோர் எழுந்து விறகு எடுத்து வரப் போவார். வந்து அடுக்குவார், மறுபடி போவார். அந்த வீட்டில் ஈஸ்டர் சனிக்கிழமை மதியம் மாதிரி விறகுக்கூடை நிரம்பி வழிந்த நாள் வேறு கிடையாது.

கதையில் நாய் மட்டுமா பொய்? ஆனால் மற்றது ஸ்டெய்னாருக்கு மட்டுமே தெரியும். நாற்பது வருடமாக அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவி மாரித்திடம்கூட.

இந்த வருடம் ஈஸ்டர் சனிக்கிழமை காலையில் அவன் காபிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியாகச் சுழியம். மெழுகுக்காரனுக்குச் சனியன் பிடித்த எண் அது. பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு நீல மெழுகுக் கட்டியை எடுக்கலாம், மேலே நான்கு என்றால் குழாய்ப் பசையைப் பிதுக்கலாம். சுழியத்தில் பனி எந்த நேரத்தில் எப்படி மாறும் என்று பனிக்கே தெரியாது. ஒரு வாரமாகப் பகலில் உருகி இரவில் உறைந்து, வீட்டைச் சுற்றிலும் தரை கண்ணாடி மாதிரி கிடந்தது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டு வந்தது.

மாரித் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க அண்ணன் அடுத்த வருஷத்துல இருந்து வரலையாம்."

"யார் சொன்னது?"

"அவர்தான். நேத்து பாத்திரம் துடைக்கும்போது சொன்னார். அந்தக் கட்டிலைப் புள்ளைங்களுக்குக் குடுத்துடுங்கன்னார்."

"முழங்காலா?"

"முழங்கால்னுதான் சொல்றார். அந்த முழங்கால் எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே போனது. அதோடதான் இத்தனை ஈஸ்டரும் வந்தார்." மாரித் கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்" என்றான் ஸ்டெய்னார். காபி வாயில் கசந்தது.

வெளியே வெயில் படும் சுவரோரம் அவன் மகள் இங்வில்ட் தன் புது நண்பன் ஐவிந்தை நிற்க வைத்துப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தாள். ஐவிந் பெர்கன்காரன். வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊர். ஸ்கீ புத்தம் புதுசு, விலைச் சீட்டின் நூல்கூட இன்னும் அறுக்கவில்லை. அவன் அதன் மேல் ஏறி நிற்க, இங்வில்ட் குனிந்து பாதத்துக்கு நேர்கீழே ஒரு காகிதத்தை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். இரண்டு காலில் நின்றால் காகிதம் தாராளமாக நகர வேண்டும், ஒற்றைக் காலில் நின்று அழுத்தினால் சிக்கிக்கொள்ள வேண்டும். இவனுக்கு எப்படி நின்றாலும் காகிதம் ஜோராகப் போய் வந்தது.

"கடைக்காரன் உன் எடையைக் கேட்டானா?"

"கேட்டான். சொன்னேன்."

"நிஜ எடையா?"

"பனிக்கால உடுப்போட சேர்த்துச் சொல்லிட்டேன்."

"நாசமா போச்சு. இது உன்னைவிட குண்டனுக்கான ஸ்கீ. நீ மிதிச்சா வளையாது, வளையலைன்னா பனியைப் பிடிக்காது. நீ இன்னிக்கு முழுக்கக் கையாலதான் மலையேறணும்."

விறகுக் கொட்டகை வாசலில் நின்றிருந்த ஹல்வோரின் கண் அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது. ஐவிந் அவரைப் பார்த்துச் சிரித்தான். "பெரியப்பா, நீங்க ஏதாவது வழி சொல்லுங்களேன்."

இங்வில்ட் சட்டென்று குறுக்கே கையை நீட்டினாள். "ஐயோ, அவரை மட்டும் தொட விடாதே. மெழுகு விஷயத்துல எங்க பெரியப்பா கை ராசி ஊருக்கே தெரியும். மத்தியானம் அப்பா கதை சொல்வார், கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹல்வோரும் சிரித்தார். அவர் சிரிப்பு எப்போதும் அந்த அளவுதான், உதடு கொஞ்சம் ஒதுங்கும். பிறகு அவர் தன் ஸ்கீயை எடுத்துச் சுவரில் சாய்த்தார். அடியில் ரோமப் பட்டை ஒட்டிய ஸ்கீ. எந்தப் பனிக்கும் மெழுகே பூச வேண்டாம், அப்படியே மாட்டிக்கொண்டு போகலாம். ஓஸ்லோவில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் வாங்குவது. ஹல்வோர் அதை வைத்துக்கொண்டு நிற்பது, ஊருக்கே விருந்து சமைத்த கை ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருவது மாதிரி இருந்தது.

அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று இங்வில்டுக்குத் தெரியாது. அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னாலேயே அந்தக் கை ஓய்ந்துவிட்டது. ஸ்டெய்னாருக்குத் தெரியும். கீழே பள்ளத்தாக்கு வீட்டின் நிலவறை, அதில் எந்நேரமும் தாரும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை, மெழுகை இளக்கும் ஊதுவிளக்கின் உஸ் என்ற சத்தம். சுவரில் ஆணியடித்துச் செய்த தட்டில் பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று மெழுகுக் கட்டிகள். அண்ணன் வெளியே போய் உள்ளங்கையில் பனியை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பார்ப்பார். உதிர்ந்தால் ஒரு நிறம், உருண்டையாக நின்றால் ஒரு நிறம், விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் குழாய்ப் பசை. பிறகு ஸ்கீயை மடியில் மல்லாத்திப் போட்டு, கட்டியைத் தேய்த்து, கட்டைவிரலாலேயே பரப்புவார். சூடு ஏறும்வரை தேய்ப்பார். "உன் கால் கீழ என்ன இருக்குன்னு நீ யோசிக்கவே கூடாது, அது என் வேலை" என்பார். சின்னவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி. அந்த நிலவறையில் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, ஆரஞ்சுத் தோலை உரித்தபடி அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ சாயங்காலங்களைக் கழித்திருக்கிறான்.

ஹல்வோர் பத்தொன்பது வயதில் ஸ்கீ குதிமேடையிலிருந்து தாவி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அதற்கு முந்தைய வருடம் அவரே மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தவர். இனிமேல் ஓட முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தன் ஓட்டத்தையும் சேர்த்துத் தம்பியே ஓடட்டும் என்று நிலவறைக்குள் இறங்கிவிட்டார்.

அந்தப் பந்தய நாளும் இப்படித்தான் சுழியத்தில் விடிந்தது. தரை முழுக்கப் பாளமாக ஐஸ். ஹல்வோர் ஆறு மணிக்கே பள்ளிக்கூடக் கொட்டகையில் ஊதுவிளக்கைப் பற்றவைத்து, ஊர் ஸ்கீ சங்கத்துப் பையன்கள் மூன்று பேருக்கும், ஐஸில் பிடிக்கிற குழாய்ப் பசையைத் தடவினார். தம்பியினுடையதைக் கடைசியில், இருப்பதிலேயே அதிக நேரம் எடுத்துச் செய்தார். கையில் கொடுக்கும்போது சொன்னார். "மேல என்ன விழுந்தாலும் விழட்டும், இதை மாத்தாதே. காட்டுக்குள்ள ஐஸ்தான்."

புறப்படக் கால் மணி இருக்கும்போது பனி விழத் தொடங்கியது. பெரிய பெரிய துணுக்குகள். பசை பூசிய ஸ்கீ புதுப் பனியில் இறங்கினால் அவ்வளவும் அடியில் அப்பிக்கொள்ளும். பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன்கள், ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் சொன்னவர்கள், அவசர அவசரமாக நீலக் கட்டியை எடுத்துத் தேய்ப்பதை ஸ்டெய்னார் பார்த்தான். அண்ணன் அந்தப் பக்கம் பந்தய நேரம் குறிக்கும் கடிகாரக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பதினாறு வயது மூளை எவ்வளவு நேரம் தாங்கும்? ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். பசையைச் சுரண்டி எறிந்தான். ஒருவனிடம் இரவல் வாங்கிய நீல மெழுகைப் பூசினான். அவன் முதல் கிலோமீட்டரை முடிப்பதற்குள் பனி நின்றுவிட்டது. காட்டுக்குள் அண்ணன் சொன்ன மாதிரியே ஐஸ். நீலம் மூன்றாவது மேட்டில் தேய்ந்து காணாமல் போனது.

முடிவுக் கோட்டில் அவன் முப்பத்தெட்டாவது ஆள். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் நான்கு பேர். ஊரே நின்றிருந்தது. அவமானத்தில் ஸ்கீயைக் கழற்றி அண்ணன் காலடியில் வீசி, "என்னத்தைத் தடவித் தொலைச்சே?" என்று கத்தினான். ஹல்வோர் குனிந்து ஸ்கீயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் வெறுமையாக இருந்தது. நீலம் இருந்ததற்கும் அடையாளமில்லை, பசை இருந்ததற்கும் இல்லை. வெகுநேரம் பார்த்தார். "தேஞ்சு போயிருக்கு. சரியா சூடு காட்டலை போலருக்கு" என்றார். ஸ்டெய்னார் தலையை ஆட்டினான்.

அவன் சொன்ன பொய் அந்தத் தலையாட்டல்தான். மற்ற இரண்டு பையன்களும் அண்ணன் தடவிய பசையிலேயே ஓடி மூன்றாவதாகவும் ஒன்பதாவதாகவும் வந்தார்கள். அடுத்த குளிர்காலம் அவர்கள் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு வந்தபோது, கை சரியில்லை என்று ஹல்வோர் திருப்பி அனுப்பினார். பிறகு சாலைத்துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டப் போனார். ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான். அந்தப் பந்தயத்தைப் பற்றி வீட்டில் ஒரு கனத்த மௌனம் இருந்தது. அந்த மௌனம் தாங்காமல்தான் ஸ்டெய்னார் அடுத்த ஈஸ்டரில் அதை முதன்முதலாக ஒரு வேடிக்கையாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. அதிலிருந்து வருடா வருடம்.

பத்து மணிக்கு இளசுகள் இரண்டும் ஏரிப்பக்கம் போயின. அண்ணனும் தம்பியும் கணவாயிலுள்ள கற்குவியலுக்குக் கிளம்பினார்கள். ஸ்டெய்னார் பாளத்தைப் பார்த்துவிட்டுப் பசை தடவிக்கொண்டான். அப்பாவும் இருந்த காலத்திலிருந்து சனிக்கிழமை காலை அந்தக் கற்குவியல் வரை போய், ஆரஞ்சு தின்றுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். ஹல்வோர் முன்னால் போனார். இடது காலை லேசாக வெளிப்பக்கம் வீசி வீசிப் போகிற அந்த நடை. அடுத்த ஈஸ்டரில் இந்த முதுகு முன்னால் இருக்காது என்ற நினைப்பு வந்தவுடன் ஸ்டெய்னாருக்கு மேடு ஏறும் மூச்சே போய்விட்டது.

பிர்ச் மரங்கள் முடியும் இடத்தில் பனி விழ ஆரம்பித்தது. பத்தே நிமிடத்தில் தடம் மூடிவிட்டது. முதலில் ஸ்டெய்னாரின் வலது கால் கனத்தது, பிறகு இடது. நூறு அடி போவதற்குள் இரண்டு ஸ்கீக்கும் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பனி அப்பி, அவன் குதிகால் செருப்பு போட்ட கல்யாணப் பெண் மாதிரி தள்ளாடிக்கொண்டு வந்தான். ஹல்வோர் ஒரு பாறை மறைவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"வளர்ந்துட்டே போலருக்கு" என்றார்.

ஸ்டெய்னார் ஸ்கீயைக் கழற்றி, பையிலிருந்து சுரண்டியை எடுத்து அடியைச் சுரண்டத் தொடங்கினான். ஹல்வோர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, இப்ப என்ன போடட்டும்?"

"என்னைக் கேக்காதே."

"சும்மா சொல்லுண்ணே. இந்தப் பனி நிக்குமா?"

"என்னைக் கேக்காதேன்னேன்ல." குரல் உயரவில்லை. "என்கிட்ட கேட்டுட்டு அப்புறம் அதையும் மேசையில சொல்லுவே."

சுரண்டி ஸ்டெய்னாரின் கையில் அப்படியே நின்றது. "அதனாலதான் அடுத்த வருஷம் வரலையா?"

ஹல்வோர் பாறை மேலிருந்த பனியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சுடா" என்றார். "அந்தப் பெர்கன் பையன் மொகத்தைப் பாத்தேன். அவன்கிட்டயும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவன் புள்ளைங்ககிட்ட அப்புறம். என்னால விறகு தூக்க முடியலை."

இத்தனை வருடமும் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டெய்னார் எத்தனையோ முறை நினைத்திருக்கிறான். அதற்கென்று அழகான வார்த்தைகள்கூடச் சேர்த்து வைத்திருந்தான். இப்போது ஒன்றுகூட வரவில்லை.

"உன் பசை இல்லண்ணே அது" என்றான். "அன்னிக்கு. பனி விழுந்துச்சுல்ல, பயந்துட்டேன். நீ தடவினதை நான் சுரண்டிட்டு நீலம் போட்டேன். கக்கூஸ் பின்னாடி போய்."

ஹல்வோர் அவனைப் பார்த்தார். காது கேட்காதவர் மாதிரி, வாயைப் பார்த்தார்.

"சுரண்டிட்டியா?"

"ஆமா."

"முழுசாவா? இல்ல அதுக்கு மேலயே போட்டியா?"

"முழுசா."

"எதை வச்சு?"

"அம்மா ரொட்டிக்குக் குடுத்து விட்ட வெண்ணெய்க் கத்தி."

"வெண்ணெய்க் கத்தி" என்றார் ஹல்வோர். "அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு, மூணு தடவை சூடு காட்டி, மூணு தடவை ஆற வச்சுத் தடவினேன்டா. வெண்ணெய்க் கத்தியால எடுத்தியா." பிறகு, "நீலத்தை எத்தனை தடவை தேச்சே?"

"ஒரே தடவை. நேரம் இல்ல."

"அது ரெண்டு மேடுகூடத் தாங்காதே."

"மூணு தாங்குச்சு."

ஹல்வோர் கையுறையைக் கழற்றினார். கைகளை முழங்கால் மேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் எங்கேயாவது தெரிகிறதா என்று ஸ்டெய்னார் தேடினான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு அறை வாங்கிக்கொண்டிருப்பான்.

"அப்ப நான் தடவினது சரியாத்தான் இருந்திருக்கு" என்றார் ஹல்வோர்.

"சரியாத்தாண்ணே இருந்துச்சு."

"காட்டுக்குள்ள ஐஸ்தானே?"

"நீ சொன்ன மாதிரியேதான்."

அவர் தலையாட்டினார். மறுபடி ஆட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பனித்துணுக்கு விழுந்த மாதிரி புறங்கையால் துடைத்துக்கொண்டார். ஸ்டெய்னார் கொண்டு வந்த ஆரஞ்சு பைக்குள்ளேயே கிடந்தது.

"மன்னிச்சுக்கண்ணே. பதினாறு வயசுல செஞ்சது, அதுகூடப் போகட்டும். அதுக்கப்புறம் நாப்பது வருஷம் அதைக் கதையாச் சொன்னேன் பாரு, அதுக்கு என்னன்னு சொல்றது."

ஹல்வோர் எழுந்து ஸ்கீயை மாட்டினார். ஊன்றுகோல் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே, "இன்னிக்கு மேசையில சொல்லு" என்றார்.

"சொல்றேன்."

"எப்பவும் சொல்ற மாதிரியே எந்திரிச்சு நின்னு சொல்லு. அந்த நாயை எடுத்துடு."

சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். தம்பிக்காகக் காத்திருக்கவில்லை. அவர் தடம் மரங்களுக்குள் நேராக இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டெய்னார் அரை மணி நேரம் ஸ்கீயைச் சுரண்டினான். அடிப்பசை முழுக்கப் போகவில்லை. வீடு வந்து சேரும்வரை ஒவ்வொரு அடிக்கும் பனியைச் சுமந்துகொண்டே வந்தான்.

மூன்று மணிக்குச் சாப்பாடு. ஆட்டுத்தொடையைச் சுற்றி உருளைக்கிழங்கு, பூண்டு, ரோஸ்மேரி மணம். ஐவிந் அன்றைக்கு இருபத்தேழு முறை விழுந்ததாக இங்வில்ட் கணக்குச் சொன்னாள். அவன் இருபத்தாறுதான் என்றான், ஒரு முறை உட்கார்ந்ததாம். பிறகு அவன் ஸ்டெய்னார் பக்கம் திரும்பினான். "மாமா, அந்தக் கதை?"

ஹல்வோர் எழுந்து போகவில்லை. இறைச்சியை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாரித் அதைக் கவனித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

ஸ்டெய்னார் எழுந்தான். நாற்காலியைத் தள்ளினான். இங்வில்ட் அதற்குள் சிரிக்கத் தயாராகிவிட்டாள். வழக்கமாகத் தொடங்குகிற மாதிரியே, "எனக்குப் பதினாறு வயசு" என்று தொடங்கினான். அதற்குப் பிறகு கதை வேறு வழியில் போனது. மேசையைப் பிடித்துக்கொண்டு நடிக்கவில்லை. கத்தியைச் சொன்னான், கழிப்பறைக் கொட்டகையைச் சொன்னான், முடிவுக் கோட்டில் தலையாட்டியதைச் சொன்னான். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இங்வில்டின் சிரிப்பு எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"அப்பா, விளையாடறீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப இவ்வளவு வருஷமா பெரியப்பாவை நாங்க..." அவள் ஹல்வோர் பக்கம் திரும்பினாள். காலையில் குறுக்கே கையை நீட்டியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் சிவந்துவிட்டது. மாரித் கணவனைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு இந்தக் கதை சொல்லவே வரலை" என்றார் ஹல்வோர். "மெழுகு பூசத் தெரியாதவன் சொன்னா இப்படித்தான் இருக்கும். நான் சொல்றேன் கேளுங்க."

அவர் அந்தக் கதையை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஐந்தரை மணிக்கு வானம் இருந்த நிறத்திலிருந்து ஆரம்பித்தார். கையில் அள்ளிய பனி எப்படி நொறுங்கியது, பசைக் குழாயை உறைந்துபோகாமல் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு வந்தது எல்லாவற்றையும் சொன்னார், பூச்சு எவ்வளவு மெல்லிசாக இருந்தது என்பதைக் கட்டைவிரலை மேசை விளிம்பில் இழுத்துக் காட்டினார். ஐவிந் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். மேற்கே மேகத்தைப் பார்த்து, பனி விழும், ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காது என்று தான் கணக்குப் போட்டதைச் சொல்லும்போது அவர் குரலில் இருபத்தொரு வயசு கேட்டது. ஸ்டெய்னாருக்கு அந்த நிலவறை வாசனையே மூக்கில் வந்தது. இத்தனை நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த மனிதரையா விறகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தான்.

"அன்னிக்குச் சாயங்காலம் அம்மா நிலவறைக்கு வந்தாங்க" என்றார் ஹல்வோர். "மத்த ரெண்டு பசங்களுக்கும் நல்லா ஓடிச்சு, தம்பிக்கு மட்டும் ஓடலை. ஊர்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க. கால் ஒடஞ்சவன் வயித்தெரிச்சல்ல பண்ணிட்டான்னு. அம்மா கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்க. ஹல்வோர், வேணும்னே செஞ்சியாப்பான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் மாரித்.

"தெரியலம்மான்னேன்."

ஹல்வோர் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"வயித்தெரிச்சல் இருந்துச்சே. இல்லைன்னு எப்படிச் சொல்றது? நான் ஓட வேண்டிய ஓட்டம் அது. மனசுல இருந்தது கையில இறங்கிடுச்சோ, அவனோடதுக்கு மட்டும் எங்கயோ சூட்டைக் குறைச்சுட்டேனோன்னு, வண்டி ஓட்டிட்டுப் போகும்போதெல்லாம் அந்தக் காலைப்பொழுதைத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கேன். அம்மா அப்புறம் என்கிட்ட கேக்கவே இல்லை. போற வரைக்கும் கேக்கலை." ஹல்வோர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் செய்யலை. இன்னிக்குத்தான் தெரியுது."

ஸ்டெய்னார் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். அண்ணனிடமிருந்து தான் எடுத்தது ஒரு நல்ல பெயரை என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். அழுகை வந்தது, அடக்கவும் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ள அந்தச் சின்ன அறையில் இடமும் இல்லை.

"உக்காருடா" என்றார் ஹல்வோர். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கு இன்னொரு துண்டு இறைச்சி வெட்டிக்கொண்டார்.